குடும்பத்துக்கு ஒரு மனை

எங்கள் ஆசிரியரைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் அநேகமாக முதல் வார்த்தை நேர்மை என்றுதான் இருக்கும். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள், நானும் தலையாட்ட வேண்டும் என்று. ஆட்டுவேன். அந்த நேர்மையோடு ஒரே அறையில் ஒன்பது வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். அது எவ்வளவு அலுப்பான சமாசாரம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.

மைசூரிலிருந்து சனிக்கிழமை தோறும் நான்கு பக்கத்தில் வந்துகொண்டிருந்த தமிழ் வாரப் பத்திரிகை அது. இப்போது வருவதில்லை. அவரும் இல்லை. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. அவருக்கு ஒரு மேஜை, எனக்கு ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மின்விசிறி. அவர் கையால் எழுதுவார். நான் தட்டச்சு செய்து பக்கம் கட்டுவேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகும். முதலாளி, நிருபர், பிழை திருத்துகிறவர், சந்தா கேட்டுப் படியேறி இறங்குகிறவர் எல்லாம் அவரேதான்.

படிக்கிறவர்கள் மூன்று வகை. ரயில்வேயில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களில் உள்ள பெரியவர்கள். ராமாபுரம், கௌதள்ளி என்று கர்நாடக எல்லையோரத் தமிழ் ஊர்ப் பக்கமிருந்து வந்து கடை வைத்திருப்பவர்கள். அப்புறம் கட்டட வேலைக்கு வந்த ஜனங்கள். இந்த மூன்று வகையிலும் பிள்ளைகள் கன்னடப் பள்ளிக்கூடம்தான். அவர்கள் எங்கள் பத்திரிகையில் படம் மட்டும் பார்ப்பார்கள். ஒரு சந்தாதாரர் இறந்தால் இரங்கல் செய்தியும் நாங்களே போடுவோம், விலாசப் பட்டியலிலிருந்து பெயரையும் நாங்களே எடுப்போம். புதுப் பெயர் சேர்க்கிற வேலை எனக்கு அதிகம் இருந்ததில்லை.

என் ஊர் கௌதள்ளி. நானும் பத்தாவது வரை கன்னடத்தில் படித்தவள்தான். தமிழ் எழுத்து வீட்டில் அம்மா சொல்லிக்கொடுத்தது. வேலை கேட்டுப் போன அன்று ஒரு பக்கத்தைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். அடித்தேன். சிவப்புப் பேனாவை எடுத்துச் சுழித்துக்கொண்டே போய், "பதினோரு பிழை. நாளைக்குச் சொல்றேம்மா" என்றார். வேலை இல்லை என்று அழுகையோடு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை போன் வந்தது. "நேத்து தப்பா சொல்லிட்டேன். பன்னிரண்டு இருக்கு. ஒண்ணு என் கண்ணுக்குத் தப்பிடுச்சு. உங்க பிழையை நானும் ஒண்ணு விட்டிருக்கேன்னா நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் பார்க்கணும். திங்கக்கிழமை வந்துடுங்க."

இதுதான் அவர். இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை என்றுகூடச் சொல்லலாம். அவரால் ஒரு தப்பைத் தப்பாகவே விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போக முடியாது. பெரியது சின்னது என்ற வித்தியாசமும் தெரியாது. ஒருநாள் பதினோரு மணிக்கு, அச்சகத்துக்குப் பக்கம் அனுப்புகிற அவசரத்தில், வீட்டுக்குப் போன் போட்டார். "காலைல உப்புமா நல்லா இருக்குன்னு சொன்னேன்ல. யோசிச்சுப் பார்த்தா உப்பு கொஞ்சம் கம்மிதான்." அந்தப் பக்கம் அவர் மனைவி என்ன சொன்னாரோ, போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாவை ஒரு தடவை கேட்டேன், எப்படி இவரோடு காலம் தள்ளுகிறீர்கள் என்று. "கல்யாணமான புதுசுல நான் அழகா இருக்கேன்னு ஒரு தடவை சொன்னார். அதுக்கு இன்னும் திருத்தம் வரலை. அந்தத் தைரியத்துலதான்" என்றார்.

பத்திரிகைக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. பிழை எந்த இடத்தில் எந்த அளவு எழுத்தில் போனதோ, திருத்தமும் அதே இடத்தில் அதே அளவு எழுத்தில் போக வேண்டும். மற்றப் பத்திரிகைகளில் திருத்தத்தைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். எங்களிடம் அப்படி இல்லை. தலைப்பில் தப்பு என்றால் தலைப்பிலேயே திருத்தம். இதனால் வந்த கூத்துகளுக்கு அளவில்லை.

ரயில்வே கார்டாக இருந்து ரிட்டையரான ஒருவர் இறந்துபோனார். அவருக்கும் அவர் தம்பிக்கும் ஒரே ஜாடை. வீட்டில் கொடுத்த படத்தில் இரண்டு பேரும் இருந்தார்கள். நான் தம்பியின் தலையை வெட்டி எடுத்து இரங்கல் பகுதியில் வைத்துவிட்டேன். மறுவாரம் திருத்தம். அதே இரங்கல் பகுதி, அதே கறுப்புக் கட்டம், அதே படம். கீழே, 'இவர் காலமாகவில்லை, நலமாக இருக்கிறார்.' ரயில்வே குவார்ட்டர்ஸ் ஜனங்கள் படத்தையும் கட்டத்தையும் பார்த்ததோடு சரி. இரண்டாவது தடவையாக மாலையோடு போய் நின்றுவிட்டார்கள். அந்த மனிதர் மூச்சு வாங்க எங்கள் மாடியேறி வந்தார்.

"ஏன் சார், ஒரு தடவை சாகடிச்சது பத்தலியா?"

"பிழையைப் படிச்சவன் கண்ணு அங்கதான் சார் போகும். திருத்தத்தை வேற எடத்துல வெச்சா அவனுக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணு போட்டோவோட நின்னுடுதே சார்."

ஆசிரியர் அதை வெகுநேரம் யோசித்தார். அது நியாயமான வாதம் என்று பட்டிருக்க வேண்டும். மூன்றாவது வாரமும் போட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நல்லவேளை, காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் ஒரு கச்சேரி. அரங்கம் நிரம்பி வழிந்தது என்று எழுதியிருந்தால் எல்லோருக்கும் திருப்தி. 'பின்னால் மூன்று வரிசை காலியாக இருந்தது' என்று எழுதினார். சங்கத்துத் தலைவர் போனில் கத்தினார், மூன்று இல்லை இரண்டரைதான் என்று. அடுத்த வாரம், 'மூன்று வரிசை அல்ல, இரண்டரை வரிசை.' அதற்கப்புறம் சங்கத்திலிருந்து விளம்பரம் வருவது நின்றுபோனது. அவருக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் இரண்டரையை அவரே சரிபார்க்க முடியவில்லை என்பதுதான் பெரிய வருத்தம்.

மத்தியானம் மூன்று மணிக்கு மேஜைமேல் தலையைச் சாய்ப்பார். பத்து நிமிஷம். எழுந்ததும், "தூங்கலை, கண்ணை மூடிட்டிருந்தேன்" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு ரெண்டு நிமிஷம் தூங்கினேன்" என்பார். நான் ஆமாம் சார் என்று சொல்லிவிட்டுத் தட்டிக்கொண்டே இருப்பேன். கடைசி இரண்டு வருஷங்களில் அந்தத் தலைசாய்ப்பு அரை மணியானது. சந்தா கரைந்துகொண்டிருந்தது, அச்சகத்துக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நிறுத்திவிடலாமே சார் என்று ஒருநாள் கேட்டேன். "நிறுத்தினா கடைசி இதழ்ல வர்ற பிழைக்கு எங்கே திருத்தம் போடறது?" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. இத்தனை கிறுக்குக்கும் பலன் இல்லாமல் போகவில்லை. கட்டட வேலைக்காரர்களின் தகரக் கூரைக் காலனியில் எங்கள் பத்திரிகைக்கு இருந்த மரியாதை வேறு எதற்கும் கிடையாது. அங்கே ஏதாவது சண்டை வந்தால், "பேப்பர்ல வந்துச்சா?" என்பார்கள். வந்திருந்தால் நிஜம், தப்பென்றால் அடுத்த வாரம் சொல்லிவிடுவார்கள். அவ்வளவுதான். என் அக்கா அந்தக் காலனியில்தான் இருந்தாள். மாமா கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவர், வீட்டு வாசலிலேயே கம்பி வளைப்பார். என் தங்கச்சி வேலை பார்க்கிற பேப்பர் என்று அவள் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொள்வாள்.

அந்தக் காலனியைக் காலிசெய்யப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. சாலை அகலமாகிறது, இடம் அரசாங்கத்துடையது. போகச் சம்மதித்தவர்களுக்குப் பதிலாக ஏதோ தருவார்கள். என்ன தருவார்கள் என்று கேட்டு எழுத ஆசிரியர் அதிகாரியைப் பார்க்கப் போனார்; குறிப்பெடுக்க நானும் போனேன். அதிகாரி நல்லவிதமாகவே பேசினார். கையில் ஒரு கன்னட அறிவிப்பைக் கொடுத்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மனே. வாயாலும் அதையே சொன்னார், மனே. கன்னடத்தில் மனே என்றால் வீடு.

ஆசிரியர் பிறந்தது மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், அறுபது வருஷமாக இரண்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருந்தவர். ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து அறிவிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார். கை அந்தச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டது. 'காலனி மக்களுக்கு நல்ல செய்தி: குடும்பத்துக்கு ஒரு மனை.' முதல் பக்கம், பக்கத்தின் முழு அகலத்துக்கும் தலைப்பு. அடித்தவள் நான், புரூஃப் பார்த்தவர் அவர். கன்னடத்தில் படித்த என் காதில் அது வீடாகவே விழுந்தது. அவர் காதிலும் அப்படித்தான் விழுந்திருக்க வேண்டும். தமிழில் மனை என்றால் வெறும் நிலம், வீடு கட்டிக்கொள்கிற இடம், மைசூரில் எல்லோரும் சைட்டு என்கிறோமே அது என்று எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தாள். அவள் குரல் அப்படி ஒரு சந்தோஷத்தில் இருந்து நான் கேட்டதே இல்லை.

"பாப்பா, முப்பதுக்கு நாப்பது தருவாங்களா? அத்தன வேண்டாம், இருவதுக்கு முப்பது குடுத்தாலும் போதும். முன்னால ஒரு முருங்க வெச்சுக்கலாம். மாமன் கம்பி வளைக்கறக்குப் பக்கத்துல கொஞ்சம் எடம் வுட்டுக்கோணும். நம்மளுதுன்னு ஒரு மண்ணு, பாப்பா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனை வைத்துவிட்டு நேரே ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். அந்தச் சொல்லைக் கன்னடமாக ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னார், தமிழாக ஒரு தடவை சொன்னார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சம்மதக் கையெழுத்து என்னிக்கு?"

"திங்கக்கிழமை சார்."

"நம்ம பேப்பர் சனிக்கிழமை" என்றார். 

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலனிக்குப் போனோம். குழாயடியில் ஆட்கள் கூடினார்கள். கூட்டத்தில் பேசி அவருக்குப் பழக்கமில்லை, குரலும் எழாது. நான் எழுதியது தப்பு, நிலம் இல்லை, வீடுதான், அதுவும் மாடிக் கட்டடமாக இருக்கலாம், எதற்கும் நன்றாகக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொன்னார். சேலத்துக்காரர் ஒருவர், அந்தக் காலனிக்கே பெரிய மேஸ்திரி, பத்திரிகையை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"சார், பேப்பர்ல போட்டிருக்கு."

"நான்தாங்க போட்டேன். தப்பா போட்டுட்டேன்."

"நீங்க தப்பு போட மாட்டீங்க. அப்படியே போட்டாலும் அடுத்த வாரம் அதே எடத்துல திருத்தம் வரும். எங்களுக்குத் தெரியாதா? வரட்டும், பாத்துக்கலாம். இப்ப யாரோ உங்கள மெரட்டி அனுப்பியிருக்காங்க. பாவம், வயசான மனுஷன். வீட்டுக்குப் போங்க சார்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆபீசுக்குத் திரும்பி வந்து, முதல் பக்கம் போலவே தாளில் திருத்தத்தைக் கட்டி, ஸ்டேஷன் எதிரே திறந்திருந்த கடையில் நகல் எடுத்து, சாயங்காலம் வீடு வீடாகக் கொடுத்தோம். வாங்கிப் பார்த்தார்கள். "இது ஜெராக்ஸுங்களே" என்று ஒரு பெண் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். சில வீடுகளில் அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். கடைசி வரிசை வரும்போது அவரால் நடக்க முடியவில்லை. ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, மீதித் தாளை என்னிடம் கொடுத்தார்.

திங்கட்கிழமை எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கன்னடம் படித்த ஒரு பெண்பிள்ளை படிவத்தை உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறது. மனே, மனே என்றுதான் இருந்தது. கேட்டவர்கள் காதில் மனை என்றே விழுந்தது. மாமாவும் போட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதை அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறாள். ஊரே போடுகிறது, நாம் மட்டும் போடாமல் விட்டால் சைட்டு போய்விடும் என்று பதில் வந்ததாம்.

அந்தச் சனிக்கிழமை திருத்தம் வந்தது. அதே இடம், அதே அகலம். 'குடும்பத்துக்கு மனை அல்ல, வீடு. பிழை ஆசிரியருடையது.' அப்போதுதான் நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு டெம்போ பிடித்துக்கொண்டு ரிங் ரோட்டுக்கு அப்பால் கட்டி வைத்திருந்ததைப் போய்ப் பார்த்தார்கள். நான்கு மாடிக் கட்டடம், வீட்டுக்கு ஒரு அறை, ஒரு சமையலறை. அக்காவின் வரிசை எண்ணுக்கு நான்காவது மாடி. கம்பியை அங்கே எப்படி ஏற்றுவது, எங்கே வளைப்பது.

யாரும் வந்து அவரை அடிக்கவில்லை, வையவில்லை. அப்படிச் செய்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மேஸ்திரி மட்டும் மாடியேறி வந்து, "நீங்க அன்னிக்கே சொன்னீங்க சார், நாங்கதான் கேக்கல" என்றார். ஆசிரியர் அன்றைக்கு மூன்று மணிக்குத் தலை சாய்க்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

சில மாதங்கள் போனபின் விசாரணை ஒன்று வைத்தார்கள். காலனிக்காக ஒரு இளம் வக்கீலம்மா, கன்னடக்காரர், காசு வாங்காமலே வாதாட வந்திருந்தார். அவர் எங்களுக்குத் தெளிவாகச் சொன்னார். தப்பு பத்திரிகையுடையது என்றால் கேஸ் நிற்காது. ஆனால் அந்த அதிகாரியே வாயால் சைட்டு என்று சொல்லியிருந்தால், ஏமாற்றி வாங்கிய சம்மதம் என்று ஆகிவிடும், கையெழுத்து செல்லாது, மறுபடி பேரம் பேசலாம். அதிகாரி அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். வக்கீலம்மா பொய் சொல்லச் சொல்லவில்லை. "யோசிச்சுப் பாருங்க, ஞாபகம் வரலாம்" என்றார்.

ஆபீசில் ஆசிரியரிடம் பேச்செடுத்தேன்.

"அவர் மனேன்னுதாம்மா சொன்னார்."

"தெரியும் சார்."

"உங்களுக்கும் தெரியும்."

"அக்கா நாலாவது மாடிக்குப் போறா சார். மாமாவுக்கு வேற தொழில் தெரியாது. அறுபது எழுபது குடும்பம். நாம செஞ்ச தப்பு."

"நாம இல்லை. நான்."

"நீங்க பொய் சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கிறேன். நீங்க அன்னிக்கு வராம இருந்தா போதும். உடம்பு சரியில்லைன்னு இருந்துடுங்க. நிஜமாவே சரியில்லைதானே?"

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். எதிரே இருந்த தாளில் ஏதோ ஒற்றெழுத்தைச் சுழித்தார். சரி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒன்றை விடப் போகிறார் என்று நினைத்தேன். அன்றைக்கு அவர்மேல் எனக்கு இருந்த பிரியம் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

விசாரணை அறை மூன்றாவது மாடியில். என்னை முதலில் கூப்பிட்டார்கள். அக்காவும் மேஸ்திரியும் இன்னும் சிலரும் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். நான் கன்னடத்தில் சொன்னேன்: சைட்டு கொடுப்போம் என்று அதிகாரி சொன்னார், நானே காதால் கேட்டேன். குரல் நடுங்கவில்லை. எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். வக்கீலம்மா என்னைப் பார்க்காமல் தன் காகிதத்தைப் பார்த்தார். நான் திரும்பும்போது கதவருகே ஆசிரியர் நின்றிருந்தார். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, படியேறிய மூச்சு இன்னும் அடங்காமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. எப்போது வந்தாரோ, எவ்வளவு கேட்டாரோ.

விசாரிக்கிறவர் அவரை அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட்டார். எடிட்டரே, இந்த அம்மா சொல்வது சரிதானா என்று கேட்டார். ஆசிரியர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. மன்னிப்பு கேட்பது மாதிரிதான் இருந்தது. பிறகு நல்ல கன்னடத்தில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "சரியில்லை. அவர் மனே என்றுதான் சொன்னார். சைட்டு என்று சொல்லவில்லை. மனே என்பதை மனை என்று எழுதியது நான்." அவ்வளவு உரக்க அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதோடு முடிந்தது. கேட்பதற்கு வேறு எதுவும் இல்லை. வெளியே மரத்தடியில் ஜனங்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள். வேலைக்குப் போக நேரமாகிவிட்டது என்று கலைந்துபோனார்கள். அக்கா என்னிடமும் பேசவில்லை, அவரிடமும் பேசவில்லை. பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள்.

அவர் மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க வராம இருந்திருக்கலாம்" என்றேன்.

"ராத்திரி பூரா அதைத்தான் யோசிச்சேன். வர வேண்டாம்னுதான் முடிவு பண்ணினேன்மா. காலைல எழுந்து பார்த்தா சட்டையை மாட்டிக்கிட்டிருக்கேன்." மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, "நீங்க பேசினதுக்கப்புறம் வந்திருக்கணும், இல்லே அதுக்கு முன்னாடியாவது வந்திருக்கணும். நடுவுல வந்துட்டேன்" என்றார்.

எனக்கு அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்போல் இருந்தது. போய்விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் வேலைக்கும் போகவில்லை, அதற்கப்புறம் என்றைக்கும் போகவில்லை. இப்போது ஒரு பேனர் அச்சடிக்கும் கடையில் இருக்கிறேன். அங்கே பிழைக்குத் திருத்தம் கிடையாது, பேனரைக் கழற்றிவிடுவார்கள்.

விசாரணை நடந்த அந்த வாரச் சனிக்கிழமை பத்திரிகை வந்தது. அவரே ஒற்றை விரலால் தட்டிப் பக்கம் கட்டியிருக்க வேண்டும். வரிகள் கோணல், பத்திகளுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாக இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை அக்கா அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். விசாரணை முடிந்து அன்றைக்குத்தான் என்னிடம் பேசினாள். முதல் பக்கத்தை என் முன்னால் விரித்து, "படி" என்றாள்.

படித்தேன். விசாரணையில் நடந்தது எல்லாம் இருந்தது. வக்கீலம்மாவின் வாதம், காலனிக்காரர்களின் நிலைமை, சம்மதம் செல்லும் என்ற முடிவு. அதிகாரி சொன்ன சொல் எது, பத்திரிகை எழுதிய சொல் எது, பிழை யாருடையது என்பதெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் இருந்தது. நான் சொன்னது இல்லை. இன்னொரு சாட்சி இருந்ததாகவே இல்லை. நான் பொய் சொன்னேன் என்று எழுதியிருந்தால் அது ஒரு செய்தி. அதுவும் முதல் பக்கத்துக்கு உரிய செய்தி. மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஒரு வார்த்தைகூட இல்லை. எதையும் விடத் தெரியாத மனிதர் அதை எடுத்து வெளியே வைத்திருந்தார். அதற்கு அவருக்கு எத்தனை ராத்திரி ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். 

அக்கா தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். விரலை வைத்து வரி வரியாகக் கீழே வரை வந்தாள்.

"நீ சொன்னது எங்க, பாப்பா?"

"போடல."

"மறந்துட்டாரா?"

"அவர் மறக்க மாட்டார்."

அவள் பத்திரிகையை நான்காக மடித்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பேன். அவள் களைத்துப்போய், சாதாரணமாகச் சொன்னாள்.

"எங்களுக்கோசரம் ஒண்ணே ஒண்ண மறைக்க அந்த மனுசனால முடியல. உனக்கோசரம் முடிஞ்சிருக்குது பாரு."

அவளுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன். திரும்பி வரும்போது அவள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள்.